காந்த நாடாக் காப்புப்படிகளை மீட்டெடுத்தலில் நேரும் வாசிப்புப் பிழைகள்: காரணமறிதலும் மீட்பு நெறியும்

ஆய்வுச்சுருக்கம்

எண்ணிமத் தரவுகளை நெடுங்காலம் பேணுவதற்குக் காந்த நாடா இன்றும் பயன்பட்டு வருகிறது. நாடாவிலிருந்து தரவை மீட்கும்போது தோன்றும் ‘வாசிப்புப் பிழை’ என்னும் அறிவிப்பு ஒன்றேயாயினும் அதன் காரணங்கள் பலவாகும். அவற்றை நாடாவின் சிதைவு, கருவியின் குறை, பொருள்கோளின் பிறழ்ச்சி என மூவகைப்படுத்தி, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் முறையையும், எஞ்சிய தரவுக்கு ஊறு நேராமல் மீட்கும் நெறியையும் இக்கட்டுரை விளக்குகிறது. சுவடிப் பதிப்பு நெறியோடு இம்மீட்பு முறை ஒத்துச் செல்லும் இடங்களும் சுட்டப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: காந்த நாடா, காப்புப்படி, வாசிப்புப் பிழை, பிழைதிருத்தக் குறிமுறை, குறியாக்கம், சிதைவிடம்.

முன்னுரை

கணினியின் முதன்மைச் சேமிப்பகம் பழுதுறும்போதுதான் காப்புப்படியின் தேவை உணரப்படுகிறது. அந்நிலையில் காப்புப்படியே எஞ்சிய ஒரே படியாகவும் அமைந்துவிடுகிறது. 2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயில் மின்னஞ்சல் சேவையில் மென்பொருள் வழு ஒன்றால் ஒரு பகுதிப் பயனர்களின் அஞ்சல்கள் மறைந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட தரவு மையங்களில் இருந்த படிகளையும் அவ்வழு தாக்கியது. கணினி வலைப்பின்னலோடு தொடர்பின்றித் தனியே வைக்கப்பட்டிருந்த காந்த நாடாக்களிலிருந்தே அவ்வஞ்சல்கள் மீட்கப்பட்டன. எல்லாப் படிகளும் ஒரே வகைச் சேமிப்பில் இருப்பின் ஒரே பிழை அனைத்தையும் அழிக்கும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

ஆயினும் நாடா இருப்பது வேறு, நாடாவைப் படிக்க இயல்வது வேறு. படிக்க முற்படுகையில் பிழை தோன்றினால் அடுத்து எடுக்கும் நடவடிக்கையே தரவு பிழைப்பதையும் அழிவதையும் தீர்மானிக்கிறது. சுவடிப் படிமங்கள், ஒலிப்பதிவுகள், அகராதித் தரவுகள் முதலியவற்றை எண்ணிம வடிவில் பேணும் தமிழாய்வு நிறுவனங்களுக்கும் இச்சிக்கல் புறத்தே நிற்பதன்று.

நாடாவில் தரவு நிற்கும் முறை

1952இல் வெளிவந்த ஐ.பி.எம். 726 நாடாக் கருவியில் அரை அங்குல நாடாவின் குறுக்கே ஏழு தடங்கள் இருந்தன. ஆறு தடங்கள் தரவைத் தாங்க, ஏழாவது தடம் அத்தரவு சரியாக உள்ளதா எனச் சோதிக்கும் துணைக்குறியைத் தாங்கியது. அதாவது, பிழை நேரும் என்னும் எதிர்பார்ப்பு தொடக்கத்திலேயே நாடாவின் அமைப்பில் இடம்பெற்றுவிட்டது. இன்று பெரிதும் வழங்கும் எல்.டி.ஓ. வகை நாடாவின் முதல் தலைமுறை 2000இல் 100 கிகாபைட்டு கொள்ளளவுடன் வெளிவந்தது. 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறையின் கொள்ளளவு 18 டெராபைட்டு. அரை அங்குல அகலமும் ஏறத்தாழ 1,035 மீட்டர் நீளமும் உடைய அந்நாடாவில் 8,960 தரவுத் தடங்கள் உள்ளன. இத்தகைய நெருக்கத்தில் கண்ணுக்குப் புலனாகாத தூசும் பல தடங்களை மறைக்க வல்லது.

இவ்விடரை எதிர்கொள்ள, எழுதப்படும் தரவோடு ரீட்–சாலமன் வகைப் பிழைதிருத்தக் குறிகளும் சேர்த்து எழுதப்படுகின்றன. சில பைட்டுகள் சிதைந்தாலும் எஞ்சியவற்றைக் கொண்டு கருவி அவற்றைக் கணித்து நிரப்பிவிடும். இத்திருத்தம் பயனருக்குத் தெரியாமலேயே இடையறாது நடைபெறுகிறது. ஆகவே ‘வாசிப்புப் பிழை’ என்னும் அறிவிப்பு சிதைவின் தொடக்கத்தைக் குறிப்பதன்று. திருத்தும் ஆற்றலைச் சிதைவு விஞ்சிவிட்டது என்பதையே குறிக்கிறது. கருவி தன்னுள் பதிந்துவைக்கும் திருத்த எண்ணிக்கை ஆண்டுதோறும் உயர்ந்து வருமாயின், அறிவிப்பு தோன்றுவதற்கு முன்பே அந்நாடாவை வேறொரு நாடாவிற்குப் படியெடுத்தல் வேண்டும்.

பிழையின் மூவகை

முதல்வகை, நாடாவின் சிதைவு. கசங்கல், விளிம்பு மடிதல், காந்தப் பூச்சு உதிர்தல், ஈரத்தால் பிணைபொருள் இளகுதல் ஆகியன இதில் அடங்கும். 1970, 1980களில் செய்யப்பட்ட நாடாக்கள் பலவற்றில் காந்தத் துகள்களைப் பிணைத்து நிறுத்தும் பாலியூரிதேன் பசை, காற்றின் ஈரத்தை ஏற்றுச் சிதைந்து பிசுபிசுப்பாகிறது. அத்தகைய நாடாவை ஓடவிட்டால் பூச்சு காந்தத்தலையில் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். ஏறத்தாழ 50 செல்சியசு வெப்பத்தில் பல மணிநேரம் வைத்து உலர்த்தினால் சில காலம் மட்டும் படிக்கும் நிலை மீளும். இதுவும் பயிற்சி பெற்றோர் அவ்வகைப் பழைய நாடாக்களுக்கு மட்டும் செய்யத்தக்கது. இக்காலப் பேழை நாடாக்களுக்குப் பொருந்துவதன்று.

இரண்டாம்வகை, கருவியின் குறை. காந்தத்தலையில் படிந்த மாசு, தலையின் தேய்மானம், தடத்தோடு தலை பொருந்தாமை, இணைப்புக் கம்பியின் தளர்ச்சி ஆகியன இதற்குரியன. கருவி கிடைக்காமையையும் இவ்வகையில் சேர்க்கலாம். எல்.டி.ஓ. கருவிகள் ஏழாம் தலைமுறை வரை தமக்கு முந்திய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படித்தன. எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக் கருவிகளோ தமக்கு முந்திய ஒரு தலைமுறையை மட்டுமே படிக்கின்றன. ஆதலின் சிறிதும் சிதையாத நான்காம் தலைமுறை நாடா, எட்டாம் தலைமுறைக் கருவியின் முன் வாய்பேசாததாகிறது.

மூன்றாம்வகை, பொருள்கோளின் பிறழ்ச்சி. நாடாவும் கருவியும் நன்னிலையில் இருக்க, படிக்கும் மென்பொருள் தவறான எதிர்பார்ப்போடு அணுகுவதால் தோன்றும் போலிப் பிழைகள் இவை. நாடாவில் தரவு தொகுதி தொகுதியாக எழுதப்படுகிறது. எழுதிய தொகுதியின் அளவைவிடச் சிறிய அளவைக் கேட்டுப் படித்தால், லினக்சு இயங்குதளம் ‘நினைவகத்தை ஒதுக்க இயலவில்லை’ என்னும் அறிவிப்பைத் தருகிறது. டார் மென்பொருளின் இயல்பான தொகுதி அளவு 10,240 பைட்டு. நாடா 65,536 பைட்டு தொகுதிகளால் எழுதப்பட்டிருப்பின் இவ்வறிவிப்பு தோன்றும். நாடா கெட்டுவிட்டது என்று கருதி இந்நிலையில் கைவிடப்படும் நாடாவில் உண்மையில் ஒரு குறையும் இல்லை. மறையாக்கத் திறவுகோல் இல்லாமை, பல நாடாக்களில் தொடரும் காப்புப்படியை வரிசை மாறி இடுதல், தலைப்பிற்கு மீளாத வகையில் கருவியை அழைக்காமையால் ஒவ்வொரு முறையும் முதற்கோப்பே படிக்கப்படுதல் ஆகியனவும் இவ்வகையின.

காரணமறியும் முறை

கருவி தரும் அறிவிப்பு எண் முதற்சான்றாகும். ஸ்கசி நெறிமுறையில் உணர்வுக்குறி 3 ஊடகப் பிழையையும், 4 வன்பொருள் பிழையையும், 8 எழுதப்படாத வெற்றிடத்தையும் சுட்டும். ஆயினும் இவ்வெண் கருவியின் கூற்று மட்டுமே. மாசுபடிந்த தலையை உடைய கருவி நல்ல நாடாவின்மீதும் ஊடகப் பிழை சாற்றும். எனவே மாற்றுச் சோதனை இன்றியமையாதது.

ஐயத்திற்குரிய நாடாவை வேறொரு கருவியிலும், நன்கறிந்த நாடா ஒன்றை ஐயத்திற்குரிய கருவியிலும் இட்டுப் பார்ப்பதே அச்சோதனை. நாடா எக்கருவியிலும் பிழை தந்து, பிற நாடாக்கள் அக்கருவிகளில் நன்கு படிக்கப்பட்டால் குறை நாடாவினது. ஒரு கருவியில் எல்லா நாடாக்களும் பிழை தந்தால் குறை கருவியினது. எழுதிய கருவியில் மட்டும் படிக்கப்பட்டுப் பிறவற்றில் படிக்கப்படாவிடின், எழுதிய கருவியின் தலை நெறிபிறழ்ந்திருந்தது எனக் கொள்ளலாம். அந்நிலையில் அப்பழைய கருவியைப் பழுதுபார்க்கவோ கழிக்கவோ முற்படுவதற்கு முன் அதனாலேயே தரவனைத்தையும் படித்தெடுத்தல் வேண்டும். எங்கும் எதுவும் பிழை தந்தால் இணைப்பையும் மென்பொருளையும் ஆராய்தல் தகும்.

பிழை தோன்றும் இடமும் சான்றாகும். ஒவ்வொரு முறையும் ஒரே தொகுதி எண்ணில் பிழை தோன்றினால் சிதைவு நாடாவில் உள்ளது. இடம் மாறி மாறித் தோன்றினால் கருவியிலோ இணைப்பிலோ உள்ளது. ஆகவே ஒவ்வொரு முயற்சியிலும் நாள், கருவி, தொகுதி எண், அறிவிப்பு ஆகிய நான்கையும் குறித்து வைத்தல் வேண்டும்.

தலையைத் தூய்மை செய்தல் எளிய தீர்வாயினும் அளவோடு செய்யத்தக்கது. எல்.டி.ஓ. தூய்மைப் பேழை 50 முறை வரை பயன்படும்; அதற்குப் பின் தூய்மை நிகழாது. ஒரு நாடாவைப் படித்தபின் கருவி மீண்டும் மீண்டும் தூய்மை வேண்டுமாயின், அந்நாடாவே பூச்சை உதிர்க்கிறது என்பது கருதத்தக்கது. அதன் மாசு அடுத்து இடப்படும் நல்ல நாடாவையும் கெடுக்கக்கூடும்; அந்நல்ல நாடாமீது பழியும் விழும்.

மீட்பு நெறி

மீட்பில் முதற்கடமை, இருப்பதை இழவாமை. நாடாப்பேழையின் எழுதுதடுப்பு விசையை முதலில் மூடுதல் வேண்டும். நாடாவைப் படிக்கும் அறையின் தட்பவெப்பத்திற்கு ஒரு நாளேனும் பழகவிடுதல் நலம். நெடுங்காலச் சேமிப்பிற்கு எல்.டி.ஓ. நாடாக்கள் 16 முதல் 25 செல்சியசு வெப்பமும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டுவன. சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் ஈரப்பதம் பெரும்பாலும் இவ்வரம்பைக் கடந்து நிற்பதால் இங்கு இவ்விதி மிகுந்த கவனத்திற்குரியது. அறியாத கருவியில் அரிய நாடாவை இடுமுன் இழந்தாலும் கவலையற்ற நாடா ஒன்றை ஓட்டிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்து, நாடாவை முழுமையாகத் தொகுதி வாரியாக வட்டிற்குப் படியெடுத்து, பின்னர் அப்படியிலேயே ஆய்வு நிகழ்த்துதல் வேண்டும். சிதைந்த இடத்தில் பன்முறை முன்பின் ஓட்டுவது நாடாவை மேலும் தேய்க்கும். ஆதலின் முதற்கண் நல்ல பகுதிகள் அனைத்தையும் எடுத்து, சிதைவிடத்தைத் தாண்டிச் சென்று எஞ்சியதையும் எடுத்து, இறுதியிலேயே சிதைவிடத்திற்கு மீளுதல் தகும். டிடி மென்பொருளில் பிழையைப் பொருட்படுத்தாது தொடரச் செய்யும் விருப்பக்கூறும், குறைந்த தொகுதியைச் சுழியங்களால் நிரப்பும் விருப்பக்கூறும் உண்டு. நிரப்பும் கூறினைத் தவறான தொகுதி அளவோடு பயன்படுத்தினால் ஒவ்வொரு நல்ல தொகுதியின் பின்னும் சுழியங்கள் புகுந்து கோப்பு முழுவதும் கெடும்.

காப்புப்படி எடுத்தபோது மேற்கொண்ட முறையும் மீட்பின் அளவை வரையறுக்கிறது. கோப்புகள் தனித்தனியே சுருக்கப்பட்டிருப்பின் சிதைவு அக்கோப்போடு நின்றுவிடும். அனைத்தையும் ஒரே தொடராகச் சுருக்கியிருப்பின், சிதைவிடத்திற்குப் பிற்பட்ட யாவற்றையும் விரித்தெடுத்தல் அரிதாகும். ஏடொன்று போனால் அவ்வேட்டின் பாடல்கள் மட்டும் போவதற்கும், கட்டே குலைவதற்கும் உள்ள வேறுபாடு இது.

இரு கருவிகள் ஒரே நாடாவின் வெவ்வேறு இடங்களில் பிழை தருமாயின், இரண்டு படிகளையும் தொகுதி எண் கொண்டு ஒப்பிட்டு இணைக்கலாம். உ.வே. சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணிப் பதிப்பு போன்றவை பல சுவடிகளை ஒப்புநோக்கிய உழைப்பில் விளைந்தவை. பல படிகள் வழியாக ஒரு பாடத்தை எட்டும் அந்நெறியே இங்குக் கணக்கு முறையில் நிகழ்கிறது. சிதைவிடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பு நேர்மையும் இங்கு வேண்டப்படுகிறது. மீளாத தொகுதிகளின் பட்டியல் இன்றி ஒப்படைக்கப்படும் மீட்புப்படி, சிதைவை மறைத்த பதிப்புக்கு ஒப்பாகும்.

தமிழ்த் தரவுகளில் ஒரு சிறப்புச் சிக்கல்

நாடா பிழையின்றிப் படிக்கப்பட்ட பின்னரும் தமிழ்க் கோப்பு புரியாத குறிகளாகத் தோன்றலாம். 1990களிலும் அதன்பின் சில ஆண்டுகளும் தமிழ் உரைகள் டிஸ்கி, தாம், தாப் முதலிய எண்பிட்டுக் குறியாக்கங்களிலும், எழுத்துருக்கேற்ற தனிக் குறியாக்கங்களிலும் உள்ளிடப்பட்டன. டிஸ்கியில் ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் எனக் கண்ணிற்படும் வரிசையில் நிற்கும். ஒருங்குறியில் ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னரும் நிற்கும். இவ்வேறுபாட்டை அறியாதார் அக்கோப்பைச் சிதைந்ததெனத் தள்ளிவிடுவர்.

இரண்டையும் பிரித்தறிய எளிய அளவுகோல் உண்டு. குறியாக்க மாற்றம் சீரானது. ஓர் எழுத்து எங்கு வந்தாலும் ஒரே குறியாகவே தோன்றும். சொல்லிடைவெளிகள் பெரும்பாலும் நிலைத்திருக்கும். நாடாச் சிதைவோ சீரற்றது. ஓரிடத்தில் தொடங்கித் தொகுதியின் எல்லையில் முடியும். அதன் முன்னும் பின்னும் உரை தெளிவாக இருக்கும். காப்புப்படி எடுத்தபோதே சரிபார்ப்புத் தொகை கணித்து வைக்கப்பட்டிருப்பின் ஐயத்திற்கே இடமில்லை: தொகை ஒத்தால் நாடா குற்றமற்றது, குறை படிப்பவரின் எழுத்துருவில் உள்ளது.

கருவியும் மரபும்: ஒரு சான்று

1966, 1967ஆம் ஆண்டுகளில் நிலவைச் சுற்றிய அமெரிக்க லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் அனுப்பிய படங்கள் இரண்டு அங்குல நாடாக்களில் பதியப்பட்டன. அவற்றைப் படிக்கும் ஆம்பெக்சு எஃப்.ஆர்.-900 கருவிகள் வழக்கொழிந்தன. நாசாவின் ஆவணப் பொறுப்பிலிருந்த நான்சி எவான்சு நாடாக்கள் அழிக்கப்படாமல் காத்ததோடு, பழுதுற்ற அக்கருவிகளையும் தம் இல்லத்து வண்டிக் கொட்டகையில் வைத்துப் பேணினார். அக்கருவிகளைச் செப்பனிட்ட குழுவினர் 2008 நவம்பரில், 1966 ஆகத்து 23இல் எடுக்கப்பட்ட நிலவிலிருந்து தோன்றும் புவியின் படத்தை முன்னினும் தெளிவாக மீட்டனர். நாடாக்கள் மட்டும் காக்கப்பட்டிருந்தால் அம்மீட்பு இயன்றிராது.

முடிவுரை

வாசிப்புப் பிழை என்பது தீர்ப்பன்று, விசாரணையின் தொடக்கம். அறிவிப்பைக் கண்டவுடன் நாடாவைக் கழிப்பதும், மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பதும் ஒருங்கே தீங்கு தருவன. நாடா, கருவி, பொருள்கோள் என்னும் மூன்றில் குறை எதன்கண் உள்ளது எனத் தெளிந்த பின்னரே செயல் தொடங்குதல் வேண்டும். நாடாவோடு, எழுதிய மென்பொருளின் பெயர், தொகுதி அளவு, சுருக்க முறை, எழுத்துக் குறியாக்கம், சரிபார்ப்புத் தொகை ஆகியவற்றைத் தாளில் எழுதி வைத்தலும், ஆண்டிற்கு ஒருமுறையேனும் ஒரு பகுதியை மீட்டுப் பார்த்தலும், கருவி வழக்கொழியுமுன் புதிய தலைமுறைக்குப் பெயர்த்தலும் காப்போரின் கடமைகளாகும். ஓலை இற்றுப்போகுமுன் புதிய ஓலையில் படியெடுத்த மரபே பண்டை நூல்களை நம் காலம் வரை கொண்டுவந்தது. காந்த நாடாவும் அம்மரபுக்கு விலக்கன்று.