முதுகெலும்பு மூட்டுவாதம்

பொழுது புலரும் முன்னரே பால்மரம் சீவச் செல்லும் தொழிலாளர் பலர், "எழுந்தவுடன் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை" என்று கூறுவதுண்டு. தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குச் செல்வோரும், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுவோரும் உளர். ஆனால், முதுகுவலி எல்லாம் ஒரே வலியன்று. அதன் வேறுபாட்டை அறிந்துகொள்வது அவசியமாகும்.

நமது முதுகெலும்பில் கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என அசையக்கூடிய 24 எலும்புகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அவற்றைப் பின்புறத்தில் இடமும் வலமுமாகச் சிறு மூட்டுகள் இணைக்கின்றன. முழங்கால் மூட்டைப் போலவே இவற்றிலும் வழுவழுப்பான குருத்தெலும்பு உண்டு.

ஆண்டுகள் செல்லச் செல்ல அக்குருத்தெலும்பு தேய்கிறது. ஓரங்களில் எலும்பு முளைக்கிறது. இதுவே தேய்மான வாதம். உயரத்திலுள்ள பட்டையை அண்ணாந்து சீவும்போது இம்மூட்டுகளின்மீது பளு கூடுகிறது. ஆகவே, பின்புறம் வளைந்தால் வலி மிகும். முன்புறம் குனிந்தால் பலருக்குச் சற்றுத் தணியும். காலை நேர விறைப்பு பெரும்பாலும் அரைமணி நேரத்திற்குள் நீங்கிவிடும்.

மற்றொரு வகை அழற்சி வாதம். இது பெரும்பாலும் 45 வயதுக்கு முன்னரே தொடங்கும். பின்னிரவில் வலியினால் உறக்கம் கலையும். காலை விறைப்பு அரைமணி நேரத்திற்கு மேலும் நீடிக்கும். ஓய்வெடுத்தால் குறையாது, நடமாடினால் குறையும். காலையில் எழ இயலாத இளைஞனைச் சோம்பேறி என்று வீட்டார் கடிந்துகொள்ளக்கூடும். அவன் நோயாளியாக இருக்கலாம். கவனியாது விட்டால் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, முதுகு கூனிப்போகக்கூடும். இத்தகைய வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். நோயைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் இன்று உள்ளன.

தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் பழைய நிலைக்கு வளர்வதில்லை. எனினும், வலியைக் குறைக்க வழியுண்டு. நாள் முழுவதும் படுத்தே கிடத்தல் கூடாது; இயன்றவரை நடத்தல் நன்று. பால்வாளியைத் தூக்கும்போது முழங்காலை மடித்து, வாளியை உடலோடு ஒட்டித் தூக்குங்கள். இடுப்பை முறுக்காமல் காலை எடுத்துவைத்துத் திரும்புங்கள். வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும்.

உடனே வலி தீரும் என்று கூறி விற்கப்படும் பதிவுபெறாத மாத்திரைகளையும் மருந்துத் தூள்களையும் வாங்காதீர்கள். அத்தகையவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. நெடுநாள் உட்கொண்டால் எலும்பே பலமிழக்கும். இரத்தத்தில் சர்க்கரையும் கூடும்.

கால்கள் பலமிழத்தல், மலவாயைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீரையோ மலத்தையோ அடக்கவியலாமை, சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவை தோன்றினால் ஒருநாளும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முதுகுவலியுடன் காய்ச்சலோ காரணமின்றி உடல் மெலிவோ கண்டாலும் மருத்துவரை நாடுங்கள்.

காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவைத்து மருத்துவரிடம் கூறுங்கள். நோயை இனங்காண அச்சிறு குறிப்பு அவருக்குப் பேருதவியாக அமையும்.