பழி பலாச்சுளைக்கு, குற்றவாளி தலையணை!

பண்ருட்டிக்கு வாக்கப்பட்டு வந்துவிட்டு, பெற்ற பெண்ணின் கண்ணில் பலாச்சுளை படாமல் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? சித்திரையிலிருந்து ஆனி வரை தெருவெல்லாம் பலா மணக்கும் ஊர் இது. ஆனாலும் என் ஆறு வயசு மகளுக்கு இரண்டு வருஷம் சுளையே கொடுக்கவில்லை. காரணம், ராத்திரியானால் அவளுக்கு வரும் இழுப்பு.

பகலெல்லாம் ஓடியாடி விளையாடுவாள். படுத்த அரை மணியில் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு. விடியற்காலையில் நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி சத்தம். "சுளையைத் தின்னுட்டுத் தண்ணி குடிச்சிருப்பா" என்பார் அத்தை. பலா, வாழைப்பழம், தயிர் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினேன். குழந்தை இளைத்ததுதான் மிச்சம்.

கடலூரில் ஒரு குழந்தை டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "பலா சாப்பிடாத நாள்லயும் இழுப்பு வருதுல்ல? அப்போ சாப்பாட்டை விடுங்கம்மா. குழந்தை எதுல படுக்கறா?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் படுப்பது பாட்டியோடு, பாட்டியின் கல்யாணச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தையில். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது எங்கள் வீட்டு ஓடு பறந்து, அந்த மெத்தை தொப்பலாக நனைந்தது. காயவைத்து, புது உறை தைத்துப் போட்டு, அதையே வைத்துக்கொண்டிருந்தோம்.

தோலில் மருந்துச் சொட்டு வைத்து லேசாகக் குத்திப் பார்த்தார் டாக்டர். தூசி உண்ணிக்கு வைத்த இடம் கொசு கடித்தாற்போல் தடித்தது.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி

தூசி உண்ணி மூட்டைப்பூச்சி இல்லை, கடிக்காது. சிலந்தி இனத்தைச் சேர்ந்த எட்டுக்கால் பிராணி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது; காற்றின் ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கும். அதன் எச்சம் தூளாகி மூச்சில் போவதுதான் ஒவ்வாதவர்களுக்குத் தும்மலும் இழுப்பும் தருகிறது. வீட்டுத் தூசியில் வம்பு செய்வது இதுதான் என்று 1964-ல் ஹாலந்தின் லைடன் நகரில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோர் கண்டு சொன்னார்கள். கடல் காற்றும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் உள்ள நம் பக்கம் அதற்குச் சொர்க்கம்!

இலவம்பஞ்சின் மேல் குறை இல்லை. ஃபோம் மெத்தையிலும் இது குடியேறும்.

நாங்கள் செய்தவை

பழைய மெத்தையைத் தூக்கிப் போட அத்தைக்கு மனசு வரவில்லை. "எங்கப்பா போடியிலேர்ந்து பஞ்சு வரவழைச்சுத் தச்சுக் குடுத்தது" என்றார். நான் வற்புறுத்தவில்லை. அன்று விடியற்காலை மூன்று மணிக்குப் பேத்தி மூச்சுக்குத் திணறியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பொழுது விடிந்ததும் தாமே மெத்தையைச் சுருட்டி வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்.

இப்போது குழந்தைக்குக் கோரைப்பாய், மேலே துவைக்கக்கூடிய பருத்தி விரிப்பு. எங்கள் மெத்தை, தலையணைகளை நன்றாகக் காயவைத்து, நெருக்கமாக நெய்த ஜிப் உறை போட்டோம்.

விரிப்பு, தலையணை உறை, போர்வை எல்லாம் வாரம் ஒரு முறை வெந்நீரில். 60 டிகிரி சூடு இருந்தால்தான் உண்ணி சாகும். கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். துணியை அமுக்கி, மூடி வையுங்கள். குழந்தைகள் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் நாளில் படுக்கையைப் பதினோரு மணிக்குப் போட்டு, மூன்று மணிக்குத் திருப்பித் தட்டி எடுங்கள். வெயிலில் உண்ணி சாகும். எச்சம் அப்படியே இருக்கும். அதனால் தட்டுவதும் துவைப்பதும் அவசியம். தட்டும்போது உங்கள் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். குழந்தை வேறு பக்கம் இருக்கட்டும்.

படுக்கையறையை ஈரத்துணியால் துடையுங்கள். மின்விசிறி இறக்கையை மறக்காதீர்கள். மழைக்காலத்தில் அந்த அறையில் ஈரத்துணி காயப்போட வேண்டாம். பஞ்சுப் பொம்மையைப் பாலிதீன் பையில் கட்டி ஒரு நாள் ஃப்ரீஸரில் வைத்து, பிறகு துவையுங்கள். நம் ஊர் மண் பொம்மைக்கு இந்தப் பாடே இல்லை! ஆனால் கொலுவுக்குப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டுவது திண்ணையில் இருக்கட்டும். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகைக்கும் அந்த அறையில் இடம் கொடுக்காதீர்கள்.

இவற்றில் ஒன்றை மட்டும் செய்தால் பலன் குறைவு; எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யணும். டாக்டர் கொடுத்த இன்ஹேலரையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். குழந்தை பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இரண்டு மாசத்தில் ராத்திரித் தூக்கம் திரும்பியது. அடைமழையில் ஒரு முறை இழுப்பு எட்டிப் பார்த்தது. முன்பு போல் இல்லை. இந்த வருஷம் முதல் பழம் வெட்டியதும் அத்தையே சுளை உரித்து, "சாப்பிடு கண்ணு" என்று பேத்தி கையில் கொடுத்தார்.

உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் ராத்திரியில்தான் தும்மலும் இழுப்பும் வருகிறதா? தட்டில் இருப்பதைப் பறிப்பதற்கு முன்னால் தலையணையைத் தட்டிப் பாருங்களேன்!