மேசைக்கு ஒரு பூசணிக்காய்

கண்டி நகரிலிருந்து சற்றுத் தள்ளி, கட்டுகஸ்தோட்டைப் பக்கமாக ஒரு முன்பள்ளிக் கட்டடத்தில் மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் நாங்கள் கூடுவது வழக்கம். வருபவர்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள். 1977 வன்செயலுக்குப் பின் தோட்டத்தை விட்டு வன்னியில் போய்க் குடியேறி, போர் முடிந்தபின் மலையகத்துக்கே திரும்பி வந்த ஓர் அக்கா. 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு முஸ்லிம் சகோதரி. முல்லைத்தீவிலிருந்து மகளின் வேலை காரணமாக இங்கு வந்து தங்கியிருக்கும் ஓர் அம்மா. இப்படிப் பல ஊர்கள், பல கதைகள்.

ஓர் ஒக்டோபர் மாதத்தில் அவர்களில் ஒருவருக்கு ரொறன்ரோவிலுள்ள தங்கையிடமிருந்து ஒரு படம் வந்தது. சாப்பாட்டு மேசையின் நடுவே சாக்குத்துணி விரித்து, அதன்மேல் பெரிதும் சிறிதுமாகப் பூசணிக்காய்கள், காய்ந்த பூக்கள், சோளக் கதிர்கள், சிவந்த இலைகள். கைத்தொலைபேசி கைமாறிக் கைமாறிப் போயிற்று.

"இத எப்ப மிஸ் சமைப்பாங்க?" என்று தோட்டத்து அக்கா கேட்டார்.

சமைப்பதற்கல்ல, பார்ப்பதற்கு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். விளைச்சல் கூடிய போகங்களில் வாங்க ஆளின்றிப் பூசணிக்காய் வயலிலேயே அழுகிக் கிடந்ததைக் கண்டவர்கள் அவர்கள். ஆனால் சிரித்து முடிந்ததும், "எங்களுக்கும் இப்படிச் செய்யப் பழக்குங்கோ" என்று கேட்டதும் அவர்கள்தான். முல்லைத்தீவு அம்மா மட்டும், "நான் பூத் தொடுறதில்லைப் பிள்ளை" என்று எழும்பி யன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

2009 இல் அவருடைய கணவர் காணாமற் போனார். இருக்கிறாரா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. அவர் பொட்டு வைப்பதை விடவில்லை. ஆனால் கோயிலடியில் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்த நாளிலிருந்து பூ வைப்பதை விட்டுவிட்டார். மனைவியா விதவையா என்று தெரியாத பெண்ணுக்கு எங்கள் சமூகத்தில் வழக்கம் எதையும் வகுத்து வைக்கவில்லை. வகுக்காத இடத்தில் மற்றவர்களின் வாய்தான் சட்டமாகிறது. பல்கலைக்கழகத்தில் சடங்குகளைப் பற்றி நான் படித்த எதுவும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. "இது தலைக்கு வைக்கிற பூ இல்லையம்மா, மேசைக்கு" என்று மட்டும் சொன்னேன். "அப்ப நான் பூசணிக்காயைப் பார்க்கிறன்" என்றார்.

இலையுதிர்காலம் என்ற ஒன்று எங்களுக்கு இல்லை. குளிர் நாடுகளில் செப்டெம்பர் தொடக்கம் நவம்பர் வரை அறுவடை முடிந்து, இலைகள் நிறம்மாறி உதிரும். விளைந்ததை மேசையில் வைத்து நன்றி சொல்வது அவர்கள் வழக்கம். கனடாவில் நன்றி கூறும் நாள் ஒக்டோபரின் இரண்டாம் திங்கள். அமெரிக்காவில் நவம்பரின் நான்காம் வியாழன். ஒக்டோபர் 31 இல் பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைப்பது வேறு வழக்கம். அயர்லாந்தில் முன்னர் டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்ததை, அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தவர்கள் அங்கு மலிவாகக் கிடைத்த பூசணிக்காய்க்கு மாற்றினார்கள். பூசணிக்காயே அமெரிக்கக் கண்டத்துக்குரியது. ஐரோப்பியர் கடல்வழியே கொண்டுவந்த பின்னர்தான் எங்கள் கறிச்சட்டிக்குள் வந்தது. திருஷ்டி கழிக்க உடைக்கும் நீற்றுப்பூசணிதான் ஆசியாவின் பழைய காய்.

எங்களிடமும் இதற்குச் சொந்தமான வழக்கம் உண்டு என்று நினைவூட்டியவர் தோட்டத்து அக்காதான். அவருடைய பாட்டியின் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அங்கு மார்கழி மாத விடியற்காலையில் கோலத்தின் நடுவே சாண உருண்டை வைத்து, அதில் பூசணிப்பூவைச் செருகுவார்கள். பிறகு அதைப் பூவோடு தட்டிக் காயவைத்துச் சேர்த்து, தை மாதத்தில் சிறுவீட்டுப் பொங்கலன்று பெண்பிள்ளைகள் ஆற்றில் கரைப்பார்கள். காய்ந்த பூவைச் சேர்த்து வைப்பதும் பூசணியை அழகுக்கு வைப்பதும் எங்கள் பாட்டிமார் அறியாததல்ல. (பூப் பறிக்கும்போது ஆண்பூவை மட்டும் பறியுங்கள். அடியில் சிறு பிஞ்சு இருப்பது பெண்பூ. அதைப் பறித்தால் காய் போய்விடும்.)

முதல் தடவை நாங்கள் தோற்றோம். பிழை என்னுடையது. ஒக்டோபரில் படம் பார்த்தோம், அந்த மாதமே பூக்களைக் கட்டித் தொங்கவிட்டோம். கண்டியில் ஒக்டோபரும் நவம்பரும்தான் ஆண்டிலேயே அதிக மழை பெய்யும் மாதங்கள். இரண்டு கிழமையில் பூவெல்லாம் சாம்பல் நிறப் பூஞ்சணம். ஆகவே முதற்பாடம் இதுதான்: மேசை அலங்காரம் வருட இறுதிக்கு என்றாலும், பூக்களை மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மாதங்களில் காயவைத்து, கடதாசிப் பெட்டியில் சேமிக்க வேண்டும்.

எந்தப் பூ? எல்லோராலும் வளர்க்கக்கூடியது வாடாமல்லிகை. சிரட்டையில் விதை போட்டாலும் வரும். பூ நன்றாக உருண்டு திரண்டபின், அடியிதழ்கள் உதிரத் தொடங்குமுன், காலைப் பனி காய்ந்த பிறகு நீளக் காம்போடு வெட்டுங்கள். இலைகளைக் களைந்து, எட்டுப் பத்துக் காம்புகளை இறப்பர் வளையத்தால் கட்டுங்கள். நூலால் கட்டினால், காம்பு காய்ந்து சுருங்கும்போது கட்டுத் தளர்ந்து பூ விழுந்துவிடும். தலைகீழாக, இருட்டான, ஆனால் காற்றோட்டமுள்ள இடத்தில் இரண்டு மூன்று கிழமை தொங்கவிடுங்கள். இருட்டு எதற்கு என்றால், வெயில் நிறத்தைக் குடித்துவிடும். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் விரைவாகக் காயும்; ஆனால் புகை படிந்து மங்கும். காம்பை வளைத்தால் 'டக்' என்று முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

நுவரெலியாப் பக்கத்தவர்களுக்கு ஹைட்ரேஞ்சியா கிடைக்கும். புதிதாகப் பூத்ததைப் பறித்தால் வாடிச் சுருண்டுவிடும். செடியிலேயே முற்றி, இதழ் கடதாசி போலான பிறகு வெட்டி, போத்தலில் ஓர் அங்குலத் தண்ணீரில் வைத்து, தண்ணீர் வற்றும்வரை விட்டுவிடுங்கள். தானாகவே காய்ந்துவிடும். ரோசாவைத் தொங்கவிடவும் செய்யலாம், கழுவிக் காயவைத்த நுண்மணலில் புதைத்தும் எடுக்கலாம். மணலில் எடுத்தால் வடிவம் கெடாது.

பூவைவிடப் பூவல்லாதவையே அலங்காரத்துக்கு உடம்பு கொடுக்கின்றன. ஹந்தானை மலையின் பைன் மரங்களுக்குக் கீழே கூம்புகள் உதிர்ந்து கிடக்கும். மழையில் நனைந்த கூம்பு மூடிக்கொள்ளும். வெயிலில் வைத்தால் மீண்டும் விரியும். மகோகனிக் காய் வெடித்து விழுந்தால் அதன் ஓடுகள் மரத்தில் செதுக்கிய இதழ்கள் போலிருக்கும். சிவந்த இலை வேண்டுமானால் மேப்பிள் தேவையில்லை. சிங்களத்தில் கொட்டம்பா என்னும் வாதுமை மரம் உதிர்வதற்கு முன் இலைகளை நன்றாகச் சிவக்க வைக்கும். பழைய பத்திரிகைக்குள் வைத்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றிவிடுங்கள். நெற்கதிர், குரக்கன் கதிர் ஒரு பிடி. வன்னிக் குளத்துத் தாமரைப் பொகுட்டும் யாழ்ப்பாணத்து ஆண்பனையின் காய்ந்த பாளையும் இங்கு கிடைப்பதில்லை. அவை கிடைக்கும் வாசகிகள் எங்களைவிடக் கொடுத்து வைத்தவர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். உடவத்தகலைக் காட்டிலும் பேராதனைப் பூங்காவிலும் எதையும் பறிக்கவோ பொறுக்கவோ வேண்டாம், அவை பாதுகாக்கப்பட்ட இடங்கள். வடக்கு, கிழக்கில் மீள்குடியேறிய சகோதரிகள், மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்கும் ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்கும் ஒரு பிடி புல்லுக்காகப் போகவேண்டாம். வீட்டுவேலியில் உள்ளது போதும்.

இனி பூசணிக்காய். இது முழுக்க முல்லைத்தீவு அம்மாவின் பாடம். நகம் அழுத்தினால் தோலில் இறங்கக்கூடாது. காம்பு தக்கை போலக் காய்ந்திருக்க வேண்டும். காம்பு நாலு விரல் நீளமாவது இருக்கட்டும். காம்பில் பிடித்துத் தூக்கவேண்டாம், அது உடைந்த இடத்தால்தான் அழுகல் தொடங்கும். வினாகிரி கலந்த தண்ணீரால் துடைத்து, பத்து நாள் மழைபடாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெறும் சீமெந்துத் தரையில் வைக்கவேண்டாம். வைக்கோலோ பலகையோ கீழே இருக்கட்டும். இப்படிப் பதப்படுத்திய காய் இரண்டு மூன்று மாதம் தாங்கும். குடைந்தால் எங்கள் காலநிலைக்கு மூன்று நாள்கூடத் தாங்காது. ஆகவே குடைய வேண்டாம், வர்ணமும் பூச வேண்டாம். அலங்காரம் முடிந்ததும் அது கறியாக வேண்டுமல்லவா?

அடுக்குவதற்குப் பெரிய சாத்திரம் எதுவுமில்லை. ஒரு பழைய சுளகு, அதன்மேல் துவைத்த சாக்குத்துணி. பெரிய காயை நடுவில் வைக்காமல் சற்று ஒரு பக்கமாக வையுங்கள். சிறியவை இரண்டு அதன் அருகே. இடைவெளிகளில் கூம்பும் இலையும். பூக்களைக் கொத்துக் கொத்தாகச் செருகுங்கள். ஒவ்வொன்றாகச் செருகினால் சிதறித் தெரியும். எதிரே இருப்பவரின் முகத்தை மறைக்கும் உயரம் வேண்டாம். மெழுகுதிரி வைக்க ஆசைப்பட்டால் தனித்தட்டில் தள்ளி வையுங்கள், காய்ந்த பூ ஒரு கணத்தில் பற்றும். வேப்பிலை நாலு அடியில் போட்டால் பூச்சி குறையும்.

விற்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். விற்கலாம். கண்டியில் சுற்றுலா விடுதிகளும் மண்டப அலங்காரம் செய்பவர்களும் உண்டு. நத்தார் காலத்தில் தேவை கூடும். ஆனால் எங்கள் அனுபவத்தையும் கேளுங்கள். ஒரு விடுதிக்கு ஆறு சுளகுகள் செய்துகொடுத்தோம். "காட்டில் பொறுக்கியதுதானே" என்று விலையைப் பாதியாகக் குறைத்தார்கள். எங்களிடம் கணக்கு இருக்கவில்லை, வாயடைத்து நின்றோம். அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பறிக்க, காயவைக்க, கட்ட, அடுக்க எத்தனை மணித்தியாலம், பஸ் காசு எவ்வளவு, பூசணிக்காய் எவ்வளவு என்று எல்லாம் எழுதுவோம். மணித்தியாலத்துக்கு ஊரில் கூலிவேலைக்கு என்ன கொடுக்கிறார்களோ, அதற்குக் குறைந்தால் கொடுப்பதில்லை. பாதிப் பணம் முன்கூட்டியே. இதற்கென்று நுண்கடன் எடுக்க வேண்டவே வேண்டாம். வட்டிக்குப் பூ பூக்காது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்கும்போது, விதையும் காய்ந்த செடியும் அவுஸ்திரேலியா போன்ற நாடுகளின் விமான நிலையத்தில் தடுக்கப்படலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மறு ஆண்டு ஒக்டோபரில் முன்பள்ளியின் சின்ன மேசையில் எங்கள் சுளகு ஏறியது. பிள்ளைகள் பூசணிக்காய்க்குப் பெயர்கூட வைத்தார்கள். ஜனவரி இறுதியில் அதை வெட்டி, தேங்காய்ப்பால் விட்டு எல்லோருக்கும் சமைத்தோம். மன்னார்ச் சகோதரி உப்பு அள்ளிப் போட்டதில் கறி கொஞ்சம் கரித்தது. விதைகளைக் கழுவிச் சாம்பலில் புரட்டி, ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டோம்.

சுளகில் மிஞ்சிய வாடாமல்லிகையைப் பெட்டிக்குள் எடுத்து வைக்கும்போது முல்லைத்தீவு அம்மா கிட்ட வந்தார். ஒரு கொத்துத் தரமுடியுமா என்று கேட்டார்.

"வீட்டில அவற்ற படம் இருக்கு. மாலை போடேல்லை, போடவும் மாட்டன். இது மாலை இல்லைத்தானே?"

இல்லை என்றேன். கொத்தைப் பத்திரிகைத்தாளில் சுற்றி, பஸ்ஸில் நசுங்காமலிருக்கச் சோற்றுப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனார். எத்தனை நாளைக்கு நிறம் மாறாதிருக்கும் என்று வாசலில் நின்று திரும்பிக் கேட்டார். வெயில் படாமல் வைத்தால் ஒரு வருடம், அதற்குப் பிறகு புதிதாக மாற்றலாம் என்றேன். இந்த முறை பெப்ரவரியில் கொத்துக் கட்ட அவரும் வந்து உட்கார்ந்தார்.