வரையாட்டை அணுகும் முறை: வேட்டையிலிருந்து கணக்கெடுப்பு வரை

திருவனந்தபுரம் நகரின் கோட்டைப் பகுதியை அடுத்துள்ளது ஸ்ரீவராகம். அங்கிருந்து வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் சென்றால் பொன்முடி மலைகளை அடையலாம். அம்மலைகளில் ஒரு முடிக்கு வரையாட்டுமுடி என்று பெயர். ‘வரை’ என்பது மலையையும் செங்குத்தான பாறையையும் குறிக்கும் சொல். சங்க நூல்கள் ‘வருடை’ எனக் குறிப்பிடும் மலையாடும் இதுவே என்பர். நீலகிரியிலிருந்து அகத்தியமலைத் தொடர் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் இப்பிராணி உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படுவதில்லை. தென்கோடியில் உள்ள மந்தைகள் சிறியவை. ஒன்றுக்கொன்று தொலைவில் பிரிந்து கிடப்பவை. இத்தகைய மந்தையொன்று மறைந்தாலும், முறையாக எண்ணுவோர் இல்லையேல் அது வெளியே தெரியவராது.

காட்டு நிலையடைந்த ஆடு வேறு, வரையாடு வேறு

வீட்டு ஆடுகள் மனிதரை விட்டு நீங்கிக் காட்டு நிலை அடைவதுண்டு. அந்தமானைச் சேர்ந்த பாரன் தீவில் அத்தகைய ஆடுகள் உள்ளன. கலாபகஸ் தீவுகளில் அவை தாவரங்களை அழித்து ஆமைகளின் உணவைப் பறித்தமையால், 1997 முதல் 2006 வரை நடைபெற்ற திட்டத்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆடுகள் அகற்றப்பட்டன. நியூஸிலாந்தில் 1904இல் விடப்பட்ட இமாலயத் தார் என்னும் மலையாடும் அந்நாட்டு மலைத் தாவரங்களுக்குக் கேடாகி, இன்று வேட்டையால் கட்டுப்படுத்தப்படுகிறது. வந்தேறிய ஆட்டை வேட்டையாடுவது அங்கே பரிகாரம். வரையாடோ இம்மண்ணுக்கே உரியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. அதை வேட்டையாடுவது குற்றம். 2005இல் வெளிவந்த மரபணு ஆய்வு, வரையாடு இமாலயத் தாரைவிடச் செம்மறியினத்திற்கே நெருங்கியது எனக் காட்டியது. இவ்வேற்றுமையை மாணவர்க்கு முதலில் விளக்குதல் நலம்.

வேட்டைக்காரர் கண்டறிந்தவை

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் இதனை ‘நீலகிரி ஐபெக்ஸ்’ என்று அழைத்து வேட்டையாடினர். முதிர்ந்த கிடாய்களின் முதுகில் சேணம் போட்டது போன்ற வெளிறிய பகுதி தோன்றும். அத்தகைய கிடாயின் தலையே அவர்கள் நாடிய பரிசு. நீலகிரியில் மந்தைகள் குறையவே, 1877இல் வேட்டைக்காரர்களே ஒரு சங்கம் அமைத்தனர். 1879இல் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தது. இரவிகுளமும் தோட்டக்காரர்களின் வேட்டைக் காடாக இருந்ததே. அங்கு அவர்களுக்கு வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் பணிபுரிந்தோர் முதுவர் இன மக்கள். அவ்விடம் 1975இல் சரணாலயமாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று.

அவ்வேட்டையில் திரண்ட அறிவு துப்பாக்கியோடு ஒழிந்துவிடவில்லை. அதன் சாரம் வருமாறு:

முதலாவது, உயரம். வரையாட்டின் கண் மிகக் கூரியது. ஆயினும் ஆபத்து கீழிருந்து வரும் என்றே அது பெரிதும் எதிர்பார்க்கிறது. ஆகையால் மேலிருந்து அணுகுபவரை எளிதில் கவனிப்பதில்லை. எனினும் வானத்தின் பின்னணியில் உருவம் தெரியும்படி முகட்டின்மேல் நிற்றல் ஆகாது. முகட்டிற்குச் சற்றுக் கீழே அமர்தல் வேண்டும்.

இரண்டாவது, காற்று. வெயில் ஏறியபின் சரிவுக் காற்று சூடேறி மேலே எழும். அப்பொழுது மேலே இருப்பவரின் வாடை ஆட்டிற்கு எட்டாது. இரவிலும் விடியலிலும் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும். அந்நேரத்தில் மேலே நிற்பவரை ஆடு மோப்பத்தால் அறிந்துவிடும். எனவே விடியலில் பக்கவாட்டில் சென்று, வெயில் ஏறிய பின்னரே மேற்புறம் சேர்தல் நன்று. பருவக்காற்று வலுத்த நாட்களில் இவ்விதி செல்லாது. உலர்ந்த புல்லைக் கசக்கித் தூவிக் காற்றின் திசையை அவ்வப்போது அறிதல் வேண்டும்.

மூன்றாவது, நேரம். காலையிலும் மாலையிலும் ஆடுகள் புல்வெளியில் மேயும். நண்பகலில் பாறை நிழலில் படுத்திருக்கும். படுத்த ஆட்டைக் காண்பது அரிது. மந்தை இளைப்பாறும்போதும் ஓரிரு ஆடுகள் விழித்துக் காவல் இருக்கும். அபாயம் கண்டால் சீழ்க்கை போன்ற ஒலி எழும். அதைத் தொடர்ந்து மந்தை முழுவதும் செங்குத்துப் பாறையை நாடி ஓடிவிடும்.

எண்ணும் கலை

வேட்டைக்காரர் ஒரு கிடாயைத் தேர்ந்து சுட்டதும் வேலை முடிந்தது. எண்ணுவோர்க்கோ மந்தையில் ஒன்றும் விடுபடலாகாது. ஒன்றையே இருமுறை எண்ணுதலும் ஆகாது. இதற்கு இரு முறைகள் கையாளப்படுகின்றன.

ஒரே பகுதியைப் பலமுறை எண்ணுவது முதல் முறை. மிகப் பெரிய எண்ணிக்கையை இரட்டித்து, அதற்கு அடுத்த எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். 18, 22, 25 எனக் கிடைத்தால் மதிப்பீடு 28 ஆகும்.

இரு குழுக்கள் ஒரே நிலத்தைத் தனித்தனியே பார்ப்பது இரண்டாவது முறை. ஒரு குழு 12 மந்தைகளையும், மற்றது 10 மந்தைகளையும் கண்டு, அவற்றுள் 8 பொதுவாக இருப்பின், 12ஐ 10ஆல் பெருக்கி 8ஆல் வகுக்க, 15 மந்தைகள் எனப் பெறலாம். இரு குழுக்களும் இடையில் கலந்து பேசினால் இக்கணக்கு பயனற்றதாகிவிடும். வகுப்பறையில் புளியங்கொட்டைகளைக் கொண்டே ஆசிரியர்கள் இதனைச் செய்து காட்டலாம்.

வெறும் தொகை மட்டும் போதாது. சேணக் கிடாய், பழுப்புக் கிடாய், பெட்டை, ஓராண்டுக் குட்டி, இளங்குட்டி எனப் பிரித்துக் குறித்தல் வேண்டும். குட்டியற்ற மந்தையின் தொகை பெரிதாயினும் அதன் எதிர்காலம் ஐயத்திற்குரியது.

இ. ஆர். சி. டேவிதார் 1975இல் வரையாடுகளைக் கணக்கெடுத்து இத்துறைக்கு வழிகோலினார். அவர் நினைவாக அக்டோபர் 7 தமிழ்நாட்டில் வரையாடு தினமாகக் கொண்டாடப்படுகிறது. தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 1,031 ஆடுகளைக் காட்டியது. 2025 ஏப்ரலில் இரு மாநிலங்களும் ஒருங்கே நடத்திய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிற்கு 1,303, கேரளத்திற்கு 1,365, ஆக மொத்தம் 2,668 என்று மதிப்பிடப்பட்டது. ஓராண்டில் தமிழ்நாட்டில் கண்ட ஏற்றம் முழுவதையும் பிறப்பால் வந்த பெருக்கமாகக் கொள்வதற்கில்லை. தேடப்படும் இடங்கள் விரிந்தாலும் எண்ணிக்கை உயரும்.

களப்பணியாளர் கவனத்திற்கு

குட்டிகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பிறக்கின்றன. இதனை முன்னிட்டே இரவிகுளத்தில் குட்டி ஈனும் பருவத்தை ஒட்டிப் பார்வையாளர் அனுமதி நிறுத்தப்படுகிறது. அச்சுறுத்தப்பட்ட மந்தை பாறைகளில் பாயும்போது இளங்குட்டி தாயைப் பிரியவும், தவறி விழவும் கூடும். ஆதலின் குட்டிகளைக் கண்ட இடத்தில் எட்ட நின்று பைனாகுலரால் பார்ப்பதே முறை. சீழ்க்கை ஒலி கேட்டால் அங்கேயே அசையாது அமர்ந்து, மந்தை மீண்டும் மேயத் தொடங்கிய பின்னர் வந்த வழியே திரும்புக. கலைந்த மந்தையின் எண்ணிக்கையைக் கலைந்தது எனக் குறித்தே எழுதுக. வேட்டைக்காரரின் அணுகல் ஆட்டின் மரணத்தில் முடிந்தது. களப்பணியாளரின் அணுகலோ, தான் வந்துபோனதை ஆடு அறியாதிருந்தால்தான் வெற்றி பெற்றதாகும்.