புனே மெட்ரோவும் நம் வீட்டுப் பெரியவர்களும்



புனேயில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தினமும் ஒரே காட்சிதான். மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்கு ஆளுக்கொரு வண்டியில் கிளம்பிவிடுவார்கள். குழந்தைகள் பள்ளி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் தாயாரோ தகப்பனாரோ மாலை வரை பால்கனியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "எனக்கு எப்போ டிக்கெட் போடப் போறே?" என்ற கேள்வி பத்தாம் நாளே வந்துவிடும். மராத்தி தெரியாததும் குளிரும்தான் காரணம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். என் அனுபவத்தில் முதல் காரணம் வேறு. வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் இந்த ஊரில் தனியாக எங்கும் போய்வர முடிவதில்லை. போக்குவரத்து என்பது சாலையையும் பாலத்தையும் பற்றிய விஷயம் மட்டுமல்ல, நம் வீட்டு விஷயமும்தான் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

சைக்கிள் நகரம் ஸ்கூட்டர் நகரமானது

1991-இல் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலை வேலைக்காக நான் இங்கு வந்தேன். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் புனே மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 15.7 லட்சம், பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில் சுமார் 5 லட்சம். 2011-இல் இவை 31 லட்சமாகவும் 17 லட்சமாகவும் பெருகின. இருபதே ஆண்டுகளில் ஒரு ஊர் இரண்டு ஊராகி, பக்கத்து ஊர் மூன்று ஊருக்கு மேல் ஆகிவிட்டது.

புனேயைச் 'சைக்கிள் நகரம்' என்று சொன்ன காலம் உண்டு. பிறகு ஸ்கூட்டர் வந்தது. பஜாஜ் ஸ்கூட்டர் தயாரான ஆகுர்டி நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது! 2018-இல் நகரத்தில் பதிவான வண்டிகளின் எண்ணிக்கை 36 லட்சத்தைத் தாண்டி, மக்கள்தொகையையே மிஞ்சிவிட்டது என்று செய்தி வந்தது.

பழைய தமிழ்க் குடும்பங்கள் ராஸ்தா பேட்டை, கட்கி, கேம்ப் என்று ரயிலடிக்கும் ராணுவ அலுவலகங்களுக்கும் அருகிலேயே இருந்தன. மாலையில் நடந்துபோய் ஒருவரையொருவர் பார்த்து வருவார்கள். ஆலைகள் பிம்ப்ரி-சிஞ்ச்வட்டுக்கும், கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஹிஞ்சவடிக்கும் காரடிக்கும் போனபோது நாமும் பின்னாலேயே போனோம். இன்று நம் சங்கத்து உறுப்பினர்களில் ஒருவர் வாகட்டில் இருந்தால் இன்னொருவர் ஹடப்சரில் இருக்கிறார்.

9 என்றால் ஒன்று!

பஸ் இருந்தது. ஆனால் புதிதாக வந்த தமிழனுக்கு அது எளிதில் வசப்படவில்லை. பஸ்ஸின் நெற்றியில் எண்களை மராத்தியில் எழுதியிருப்பார்கள். மராத்தி ஒன்று நம் கண்ணுக்கு 9 போலவும், ஐந்து ஏறக்குறைய 4 போலவும், நான்கு தலை திறந்த 8 போலவும் தெரியும். வந்த முதல் வாரத்தில் நான் எண்ணைத் தப்பாகப் படித்து, போக வேண்டிய திசைக்கு நேர் எதிரே ஐந்து கிலோமீட்டர் போய்விட்டேன். கண்டக்டர் சிரித்துக்கொண்டே இறக்கிவிட்டார். அன்று இரவே பத்து எண்களையும் எழுதிப் பழகினேன். புதிதாக வருகிறவர்களுக்கு இன்றும் நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். 'புடே சலா' என்றால் முன்னால் போங்கள், 'பசா' என்றால் உட்காருங்கள். இந்த இரண்டு சொல்லும் பத்து எண்ணும் தெரிந்தால் பாதி புனே நம் கையில்.

புனேக்கும் பிம்ப்ரி-சிஞ்ச்வட்டுக்கும் தனித்தனியாக இருந்த பஸ் நிறுவனங்கள் 2007-இல் ஒன்றாக்கப்பட்டன. அதற்குச் சற்று முன், 2006 டிசம்பரில், காத்ரஜ் – ஸ்வார்கேட் – ஹடப்சர் சாலையில் பஸ்ஸுக்கென்று தனித் தடம் ஒதுக்கினார்கள். இந்தியாவில் இதுதான் முதல் முயற்சி என்று பெயர் பெற்றது. ஆனால் தடத்துக்குள் மற்ற வண்டிகள் நுழைந்தன. நடுச்சாலையில் இருந்த நிறுத்தத்துக்கு வண்டி வெள்ளத்தைக் கடந்து போக வேண்டியிருந்தது. ஓட முடிந்தவர்கள் பஸ் பிடித்தார்கள், மற்றவர்கள் நின்றார்கள். பின்னாளில் நகர் சாலையில் போட்ட தடத்தின் ஒரு பகுதியையும் பிரித்தெடுத்துவிட்டார்கள்.

பாலங்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். பல்கலைக்கழக வட்டத்தில் நெரிசலுக்கு மருந்தாகக் கட்டிய மேம்பாலங்களை, மெட்ரோவும் புதிய இரட்டை அடுக்குப் பாலமும் அமைப்பதற்காக 2020-இல் இடித்தார்கள். கட்டி ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. சாலை அகலமானால் வண்டிகளும் பெருகுகின்றன. நெரிசல் திரும்பி வந்துவிடுகிறது.

மெட்ரோ வந்தது

2016 டிசம்பரில் அடிக்கல் நாட்டிய மெட்ரோ, 2022 மார்ச் 6 அன்று இரண்டு துண்டுகளாக ஓடத் தொடங்கியது. பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி முதல் புகேவாடி வரை ஒன்று. வனாஸ் முதல் கர்வாரே கல்லூரி வரை மற்றொன்று. துண்டுகள் ஒன்றையொன்று தொடாததால் முதலில் பலர் வேடிக்கைக்காகத்தான் ஏறினார்கள். 2023 ஆகஸ்ட் 1 அன்று இரண்டு தடங்களும் சிவில் கோர்ட் நிலையத்தில் சந்தித்தன. 2024 மார்ச்சில் கிழக்கே ராம்வாடி வரையிலும், செப்டம்பரில் பழைய நகரத்துக்கு அடியில் கஸ்பா பேட்டை, மண்டை வழியாக ஸ்வார்கேட் வரையிலும் நீண்டது. எல்லாம் சேர்ந்து சுமார் 33 கிலோமீட்டர். சிவில் கோர்ட்டில் ஒரு தடம் தலைக்கு மேலே; மற்றது தரைக்குக் கீழே சுமார் 33 மீட்டர் ஆழத்தில். இறங்கி மாற லிஃப்ட் உண்டு. மூட்டு வலிக்காரர்கள் பயப்பட வேண்டாம்.

இனி என் தாயாரைப் பற்றி. வயது எழுபத்தெட்டு. திருச்சியை விட்டு எங்களோடு சிஞ்ச்வட்டுக்கு வந்தவர். சங்கத்து விழா ஒன்றில் கும்பகோணத்து அம்மாள் ஒருவர் அவருக்குச் சிநேகிதியானார். அவர் வீடு கோத்ரூட் பக்கம். இரண்டு வருடம் போனில்தான் பேச்சு. ஞாயிறுதோறும் "அடுத்த வாரம் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்பேன். ஞாயிறு வரும், ஏதாவது வேலையும் கூடவே வரும்.

2023 நவராத்திரிக்கு அம்மாவை மெட்ரோவில் அழைத்துப் போனேன். சிவில் கோர்ட்டில் மாறி, ஐடியல் காலனியில் இறங்கினோம். முக்கால் மணி நேரம்தான். ஓர் இளைஞர் எழுந்து, "ஆஜி, பசா" என்று இடம் கொடுத்தார். அம்மா ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "தில்லைநகர்ல டவுன் பஸ் பிடிச்சு சத்திரம் போற மாதிரிதான்டா இருக்கு" என்றார். அந்த மாதமே இரண்டாம் முறை போனோம். மூன்றாம் முறை என்னைக் கேட்காமல் தனியாகவே போய்வந்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தில் இருந்த தெளிவை நான் பல வருடங்களாகப் பார்த்ததில்லை. டிக்கெட் பற்றிய கேள்வி அதற்குப் பிறகு எழவில்லை.

மிச்சமிருக்கும் அரைக் கிலோமீட்டர்

கதை இங்கேயே முடிந்தால் நன்றாயிருக்கும். நிலையத்திலிருந்து சிநேகிதி வீட்டுக்கு அரைக் கிலோமீட்டர் தூரம். நடைபாதையில் பாதி உடைந்திருக்கிறது. மீதியில் வண்டிகள் நிற்கின்றன. இவ்வளவு பக்கத்துக்கு ஆட்டோ வர மறுக்கிறது. மழைக்காலம் பிறந்ததும் அம்மா போவதை நிறுத்திவிட்டார். முக்கால் மணி ரயில் பயணம் செய்யத் தயாராக இருந்தவரை அந்த அரைக் கிலோமீட்டர் தோற்கடித்துவிட்டது.

இது புனேக்கு மட்டும் உள்ள குறையல்ல. சென்னையில் 1995-இல் கடற்கரை – சேப்பாக்கம் இடையே பறக்கும் ரயில் ஓடத் தொடங்கியது நினைவிருக்கும். நிலையங்களுக்குச் சரியான பஸ் இணைப்பும் வழியும் இல்லாமல் பல ஆண்டுகள் அது காலியாகவே ஓடியது. சீனாவின் ஷென்ஜென் நகரத்தில் 2004 டிசம்பரில்தான் மெட்ரோ தொடங்கியது. இன்று 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நாம் அந்த நீளத்தைத்தான் வியக்கிறோம். அதே நகரம் பஸ்ஸைக் கைவிடவில்லை என்பதைக் கவனிப்பதில்லை. 2017 முடிவதற்குள் சுமார் 16,000 பஸ்களையும் மின்சார பஸ்களாக மாற்றிவிட்டார்கள். ரயில் பெரிய சாலை வரைதான் வரும். தெருவுக்குள் வருவது பஸ்ஸும் நம் கால்களும்தான்.

நாம் செய்யக்கூடியவை

ஹிஞ்சவடியையும் சிவாஜிநகரையும் இணைக்கும் மூன்றாவது தடம் 23 கிலோமீட்டர், 23 நிலையங்கள் கொண்டது. நிக்டி, காத்ரஜ், வாகோலி பக்கங்களுக்கும் நீட்டிப்புகள் வகுக்கப்பட்டுள்ளன. அவை வரும்போது வரட்டும். இப்போதே நம்மால் முடிந்தவை சில உண்டு.

உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பெயரில், அருகிலுள்ள நிலையத்துக்கு இணைப்பு பஸ்ஸும் நல்ல நடைபாதையும் கேட்டு மாநகராட்சிக்கு மனு எழுதுங்கள். மராத்தி அண்டை வீட்டாரும் சேர்ந்து கையெழுத்திடுவார்கள்; அவர்கள் வீட்டிலும் ஆஜிகள் இருக்கிறார்கள். பெரியவர்களுடன் முதல் இரண்டு முறை நீங்களே போய் வழி காட்டுங்கள். மராத்தி எண்களைப் பெரிதாக எழுதி அவர்கள் பையில் வையுங்கள்.

நம் சங்கத்து நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கு மண்டபம் பார்க்கும்போது கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்று முதலில் கேட்கிறோம். இனி, மெட்ரோ நிலையத்திலிருந்து ஒரு பாட்டி நடந்து வர முடியுமா என்றும் கேட்போம். வாகட்டிலும் ஹடப்சரிலும் பால்கனியில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் வந்து சேரட்டும். கும்பகோணத்து அம்மாளுக்குப் பக்கத்து நாற்காலியை என் தாயார் இப்போதே கேட்டு வைத்திருக்கிறார்.