எந்த பேட்டரிக்கு எந்த சார்ஜர்?

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் அதோடு சேர்ந்து பல வகை பேட்டரிகளும் நம் வீட்டிற்கு வந்துவிடுகின்றன. யு.பி.எஸ்.ஸில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று, வயர்லெஸ் மவுஸில் ஒன்று. சார்ஜ் ஏற்றும் முறை ஒவ்வொன்றிற்கும் வேறு. சார்ஜரை மாற்றிப் போட்டால் பேட்டரி கெடும். சில சமயம் தீயும் பிடிக்கும். எனவே வகை வாரியாகப் பார்ப்போம்.

நிக்கல் பேட்டரி

மவுஸ், கேமராவில் போடும் பென்சில் செல்களில் 'ரீசார்ஜபிள்' என்று அச்சிட்டவற்றை மட்டுமே சார்ஜ் செய்யலாம். மற்றவை கசியும் அல்லது வெடிக்கும். இவை பெரும்பாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை, 1.2 வோல்ட் கொண்டவை. 2000 மில்லி ஆம்பியர் அவர் செல்லை 200 மில்லி ஆம்பியர் சார்ஜரில் போட்டால், கணக்குப்படி 10 மணி நேரம். ஆனால் கொஞ்சம் மின்சாரம் வெப்பமாக வீணாவதால் சுமார் 14 மணி நேரம் ஆகும். இதே அளவில் 1.5 வோல்ட் லித்தியம் செல்களும் வருகின்றன. அவற்றை நிக்கல் சார்ஜரில் போடவே கூடாது.

லித்தியம் அயன் பேட்டரி

செல்போன், லேப்டாப்பில் இருப்பது இதுதான். பொதுவாக ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டாமல் பார்த்துக்கொள்ள தனி சர்க்யூட் உண்டு. முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் செய்ய வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கான விதி. லித்தியத்திற்கு அது தேவையில்லை. பாதியில் சார்ஜ் செய்வதே நல்லது.

லெட் ஆசிட் பேட்டரி

யு.பி.எஸ்., இன்வெர்ட்டரில் உள்ள 12 வோல்ட் பேட்டரி இதற்கு நேர்மாறு. எப்போதும் முழு சார்ஜில் இருக்க வேண்டும். தீர்ந்த நிலையில் போட்டு வைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து வீணாகிவிடும். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வருவதால் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

சூடு சொல்லும் செய்தி

சரியான சார்ஜர் இருந்தால் மட்டும் போதுமா? ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை செல்போன் தயாரித்த நோக்கியா, ஆகஸ்ட் 2007-ல் உலகம் முழுவதற்கும் ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்த பி.எல்.-5சி பேட்டரிகள், உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஆகி, சார்ஜ் ஏறும்போது அதிகமாகச் சூடாகலாம் என்பதே அது. அப்படித் தெரியவந்த சம்பவங்கள் சுமார் 100. மாற்றித் தருவதாக அறிவித்த பேட்டரிகள் 4 கோடியே 60 லட்சம்!

எனவே சார்ஜ் ஆகும்போது அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடு, உப்பல், வாடை இவற்றில் எது தெரிந்தாலும் உடனே சுவிட்சை அணையுங்கள். அந்த பேட்டரியை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். மெத்தை, தலையணை மேல் வைத்து எதையும் சார்ஜ் செய்யாதீர்கள்.