மணப்பதிவேட்டில் இல்லாத கையொப்பம்

மணமுறை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சடங்குகளின் விவரணையோடு நின்றுவிடுகின்றன. அவற்றைச் சட்டமாக்கியோர் யாவர், அதனாற் பயன்பெற்றோர் யாவர் என்னும் வினாக்களையே நாம் இங்கு எழுப்ப விரும்புகின்றோம்.

கண்டியை அடுத்த மடவளை போன்ற ஊர்களில் முஸ்லிம்களும் கண்டிச் சிங்களவரும் அயலவராக வாழ்கின்றனர். எனினும், 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டமும் அவர்களுக்கெனத் தனித்தனியே இயற்றப்பட்டன.

முஸ்லிம் தனியார் சட்டம் வழக்காற்றின் தூய வடிவம் அன்று. 1806இல் பிரித்தானிய ஆட்சியினர், கொழும்பு முஸ்லிம் தலைவர்களின் ஒப்புதலோடு வெளியிட்ட விதித்தொகுப்பு, 1852இல் கண்டிப் பிரதேசம் உட்பட முழுத் தீவுக்கும் விரிவாக்கப்பட்டது. நெகிழ்வுடைய வழக்காறு இவ்வாறு எழுத்தில் உறைந்தது. ஒப்புதல் அளித்தோர் அனைவரும் ஆண்களே.

1951ஆம் ஆண்டுச் சட்டம் இதன் தொடர்ச்சியே. மணப்பதிவுக்கு மணமகனதும், 'வலி' எனப்படும் ஆண் பாதுகாவலரதும் ஒப்பங்கள் போதுமெனக் கொண்ட அச்சட்டம், மணமகளின் கையொப்பத்தை வேண்டவில்லை. காதிப் பதவியை அது ஆண்களுக்கே ஒதுக்கியது. தலாக் கூறும் கணவன் காரணம் காட்டவேண்டியதில்லை. பஸஹ் கோரும் மனைவியோ கணவனின் தவற்றைச் சாட்சிகளுடன் நிறுவவேண்டும். அவளது பயனுக்கென மணமகனிடம் ஒப்படைக்கப்பட்ட கைக்கூலியை மீட்பதற்கும் அவள் காதியின் முன்னரே வழக்காடவேண்டும்.

இதனை ஒரு மதத்தின் இயல்பெனக் கொள்வது பிழையாகும். இருவரின் சம்மதத்தோடு மணவிலக்குப் பெற இடமளித்த கண்டியச் சட்டமும், மனைவியின் சோரத்தை மட்டும் தனித்த காரணமாக ஏற்றது. கணவனின் சோரத்தோடு கொடுமையோ தகாத இரத்த உறவோ சேர்ந்தாலன்றி அது மனைவிக்குக் காரணமாகவில்லை. மதங்கள் வேறு, அளவுகோல் ஒன்றே. பெண்ணைச் சொத்துறவின் அங்கமாகக் கருதும் சமூக அமைப்பே அதன் அடிப்படை.

1995இல் ஏனையோரின் மணவயது 18 ஆக உயர்த்தப்பட்டபோது முஸ்லிம் சிறுமியர் விலக்கப்பட்டனர். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளுக்கு முரணான பழைய சட்டங்களையும் செல்லுபடியாக்கியது. சீர்திருத்தத்துக்காக 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு, 2018 ஜனவரியில் இரு வேறு நிலைப்பாடுகளுடன் அறிக்கை கையளித்தது. அவ்வாண்டு மார்ச்சிலேயே திகன வன்செயல்கள் கண்டி முஸ்லிம்களைத் தாக்கின.

பேரினவாதம் தாக்கும்போது பெண்ணின் கோரிக்கை சமூகத்தைப் பலவீனப்படுத்தும் என்ற வாதம் வலுப்பெறுகின்றது. இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. தன் மணத்துக்குத் தானே ஒப்பமிடும் உரிமையைப் பெண்ணுக்கு மறுக்கும் ஒற்றுமை, ஆண்களின் ஒற்றுமை மட்டுமேயாகும். பேரினவாதத்தை எதிர்ப்பதும் அவ்வுரிமைக்காகப் போராடுவதும் ஒரே கடமையின் இரு பகுதிகளாம்.